கதிரைக் கணக்கு

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்திடம் 150 பிளாஸ்ரிக் கதிரைகள் இருக்கின்றன. எல்லாம் நீலம். ஒவ்வொன்றின் முதுகிலும் கழகத்தின் பெயரை வெள்ளைப் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கிறோம். எழுதாவிட்டால் திரும்பி வராது. எழுதினாலும் சிலது வராது. கதிரையைத் தவிர, கொட்டகை போடுகிற இரும்புக் குழாய்கள், இரண்டு கிடாரம், ஒரு ஜெனரேற்றர், வெள்ளைக் கொடி கட்டுகிற கயிறு ஒரு பெரிய சுருள். உதைபந்தாட்டம் விளையாடுகிற கழகம் இது. இல்லாதது பந்து மட்டும்தான்.

இருப்புப் பதிவேட்டில் பந்து மூன்று என்றுதான் இருக்கிறது. ஒன்றுக்கு பிளாடர் போய்விட்டது. ஒன்று தையல் விட்டு, ஒரு பக்கம் நுங்குக் கண் மாதிரிப் பிதுங்கி நிற்கிறது. மூன்றாவது, மைதானத்துக்குத் தெற்கே இருக்கிற ஆச்சியின் வளவுக்குள் போன சித்திரையில் விழுந்தது. கத்தரிக் கன்றை முறித்த குற்றத்துக்கு இன்னும் மறியலில் இருக்கிறது. ஆகவே பிதுங்கின பந்தோடுதான் பெடியள் விளையாடுகிறார்கள். விதிப்படி பந்தின் நிறை 410 கிராமுக்கும் 450 கிராமுக்கும் இடையில் இருக்கவேண்டும். எங்களுடைய பந்து மழைக்கு நனைந்த பிறகு எவ்வளவு வரும் என்று நிறுத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதைத் தலையால் அடிக்கிறவன் அடிக்கிறான், கழுத்து எனக்கு நோகிறது.

நான் கழகத்தின் பொருளாளர். ஆறு வருடமாக. ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பதவி கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். பொதுக்கூட்டத்துக்கு நடுவில் நான் பிளேன்ரீ வாங்கக் கடைக்குப் போன இடைவெளியில் முன்மொழிந்து, வழிமொழிந்து, கைதட்டியும் முடித்துவிட்டார்கள். பதின்மூன்று பிளேன்ரீயோடு திரும்பி வந்தவனிடம் கணக்குக் கொப்பியைத் தூக்கித் தந்தார்கள். அந்தப் பிளேன்ரீக் காசு இன்றுவரை எனக்கு வரவில்லை.

சந்தா மாதம் 100 ரூபா. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அது 100தான். கூட்டினால் குழப்பம் வரும் என்று விட்டுவிட்டோம். கூட்டாத சந்தாவும் வரவில்லை என்பது வேறு கதை. முதலாம் திகதி பிறந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். "பெடியன் இப்ப விளையாட வாறேல்லையே அண்ணை" என்பார்கள். "நாங்கள் வாசிகசாலைக்குக் குடுத்திட்டம்" என்பார்கள். ஒரு வீட்டில் "அப்பா வந்தாப் பிறகு வாங்கோ" என்று ஒரு சின்னன் சொல்லிவிட்டு உள்ளே ஓடியது. அந்த அப்பா பாரிசுக்குப் போய்ப் பதினொரு வருடம். ஒரே ஒருவர்தான் உள்ளதைச் சொன்னார்: "நான் ஏன் தரோணும்? தராட்டியும் நான் செத்தா நீங்கள் கதிரை குடுப்பியள்தானே!"

கொடுப்போம். அதுதானே எங்களுக்குப் பிடித்த சனி.

ஊரில் ஓர் உயிர் போனால் சொந்தக்காரருக்குச் செய்தி போகமுதல் எனக்குப் போன் வரும். விடியற்காலை நாலரைக்கு வரும். "தம்பி, ஐயா மோசம் போட்டார், பெடியளை ஒருக்கா அனுப்பிவிடும்." பெடியள் போவார்கள். முதல்நாள் மாட்சில் கால் சுளுக்கினவனும் நொண்டிக்கொண்டு போவான். கொட்டகை போட்டு, கதிரை பரப்பி, ஒழுங்கை நெடுகக் கொடி கட்டி, மத்தியானத்துக்கு முன்னம் சந்தியில் கழகத்தின் பெயரில் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் ஏற்றிவிடுவார்கள். போன வருடம் எதற்கு அதிகம் செலவழித்தோம் என்று கொப்பியைப் புரட்டினேன். சப்பாத்துக்கும் இல்லை, வலைக்கும் இல்லை. பதாகைக்கு. இந்தப் போக்கில் போனால் அடுத்த வருடம் லீக்கில் பதிவதை விட்டுவிட்டு மரண உதவிச் சங்கமாகப் பதிந்துவிடலாம்.

செத்த வீட்டுக்குப் போகாதே என்று சொல்ல நான் கல்லில்லை. 2020 மார்கழியில் புரெவிப் புயல் மழைக்குப் பள்ளக் காணி வீடுகளுக்குள் வெள்ளம் ஏறியபோது, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் வயோதிபர்களைக் கதிரையில் இருத்திப் பல்லக்கு மாதிரித் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் எங்கள் பின்வரிசைக்காரர் இரண்டு பேர். இதே நீலக் கதிரைதான். அப்படிப் பல்லக்கில் போனவர்களில் ஒருவர்தான், வெள்ளம் வற்றி இரண்டு கிழமையில், மைதானத்தில் பின்னேரங்களில் சத்தம் தாங்கமுடியவில்லை என்று கிராம சேவையாளருக்கு எழுதிக் கொடுத்தவர்.

மைதானம் என்கிறேன். பெரியவர்கள் விளையாடுகிற முழு மைதானம் நீளத்தில் 90 மீற்றருக்குக் குறையக்கூடாது. எங்களுடையது அணிக்கு ஒன்பது பேர் என்றால் காணும், பதினொரு பேர் இறங்கினால் ஒருவன் காலை ஒருவன் மிதிக்கவேண்டியதுதான். அந்தத் துண்டில் காலமை மாடு கட்டுவார்கள். பத்து மணிக்குக் கார் ஓடப் பழகுவார்கள். கலியாணம் என்றால் வாகனங்கள் நிற்கும். கோயில் கொடியேறினால் கடலைக் கடை, ஐஸ்கிறீம் வான், காப்புக் கடை என்று பத்து நாள் எங்களுக்கு அங்கே காலடி வைக்க இடமில்லை. தீர்த்தம் முடிந்த மறுநாள் பெடியள் வரிசையாகக் குந்தியிருந்து போத்தல் ஓடும் நெருஞ்சி முள்ளும் பொறுக்குவார்கள். இவ்வளவுக்கும் வாயைத் திறக்காத சனம், பின்னேரம் ஐந்து மணிக்குப் பந்து உருளத் தொடங்கினால் கேட்கும்: "உதென்ன, ஊர்க் காணியில கண்டபடி விளையாட்டு?"

அதிலும் ஒரு பிள்ளைக்கு இரட்டிப்புப் பேச்சு. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கைப் பட்டம் எடுத்து வந்தவர்கள். பேப்பரில் படம் வந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்களும் "எங்கட பிள்ளையள்" என்று மார்தட்டுவார்கள். எங்கள் ஊரிலேயே ஒருத்தி இருக்கிறாள், பத்தாம் வகுப்பு, இடது கால்காரி. பள்ளிக்கூடத்தில் பழகிவிட்டுப் பின்னேரம் எங்கள் மைதானத்துக்கு வந்தால், அதே பெரியவர்கள் தேர்முட்டியில் இருந்துகொண்டு, "பொம்பிளைப் பிள்ளைக்கு உதென்ன வேலை" என்கிறார்கள். யாப்பில் பெண்கள் அணி பற்றி ஒன்றும் இல்லை என்று செயலாளர் தலையைச் சொறிகிறார். யாப்பில் கதிரை பற்றியும்தான் ஒன்றும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊராட்களுக்கு ஒரு வைபர் குழு இருக்கிறது. லண்டன், ரொறன்ரோ, பாரிஸ், சுவிஸ். குறை சொன்னால் நாக்கு அழுகும், ஜெனரேற்றர் அவர்கள் தந்தது. நான்கு பந்து, ஒரு சோடி வலை, பத்துச் சோடி சப்பாத்து வேண்டும் என்று பணிவாக எழுதிப் போட்டேன். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு பேர் மட்டும் கைகூப்புகிற படம் போட்டார்கள். நாலாம் நாள் லண்டனில் இருக்கிற ஒருவர், தன் தகப்பனார் ஞாபகமாக மைதானத்துக்கு நுழைவாயில் வளைவு கட்டினால் என்ன என்று கேட்டார். அன்று இரவுக்குள் பாதிக் காசு சேர்ந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் அவர்களிலும் பிழையில்லை. பந்தில் தகப்பனின் பெயரை எழுதினால் பெடியள் உதைப்பார்கள்.

வளைவு இப்போது எழும்பி நிற்கிறது. இரண்டு பக்கமும் நிறைகுடம், உச்சியில் சீமெந்தில் ஒரு பந்து. எங்கள் கழகத்துப் பந்துகளில் முழு வட்டமாக இருப்பது அது ஒன்றுதான். ஆச்சியின் மதிலைத் தவிர மற்ற மூன்று பக்கமும் திறந்து கிடக்கிற வெளிக்கு அவ்வளவு பெரிய வாசல். மாடுகள்கூட அதால் வருவதில்லை. கருங்கல்லில் 'தாபிதம்' என்று வெட்டி, பக்கத்தில் வெறுமையாக விட்டிருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது கழகத்தின் பழைய மினிற்ஸ் கொப்பிகளை யாரும் எடுக்கவில்லை. பிள்ளையைத் தூக்கினவன் கொப்பியையா தூக்குவான்? இப்போது ஒரு பகுதி 1948 என்கிறது, மற்றப் பகுதி 1952 என்கிறது. இரண்டு பகுதியும் தங்கள் பேரன்தான் முதல் தலைவர் என்கிறார்கள். முடிவு வரும்வரை கல் வெட்டுகிறவரை நிறுத்தி வைத்தோம். அந்த இடத்தில் எவனோ கரியால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அழிக்கச் சொல்லி எனக்குத்தான் போன் வந்தது.

வருடம் ஒருமுறை நாங்கள் நடத்துகிற ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. இறுதியாட்டம் பின்னேரம் நாலு மணிக்கு என்று நோட்டீசில் அடித்தோம். பிரதம விருந்தினர் ஐந்தேகாலுக்கு வந்தார். பாண்ட் வாத்தியத்தோடு மெல்ல நடத்திக் கொண்டுவந்து, மாலை போட்டு, மங்கள விளக்கேற்றி, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை. ஒருவர் பந்துக்கு ஊரும் தெரியாது சாதியும் தெரியாது என்று உருகி உருகிப் பேசினார். இரண்டு அணியும் அவ்வளவு நேரமும் வெயிலில் வரிசையில் நின்று உடம்பு சூடாகி, பிறகு ஆறி, பிறகு விறைத்தும் போயின. இரண்டாம் பாதி முடிய மம்மல் ஆகிவிட்டது. ஒன்றுக்கொன்று சமநிலை. சமநிலை தவிர்ப்பு உதைக்கு ஆறு மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தி லைற் போட்டார்கள். லைற் முழுக்க எங்கள் கோல்காப்பாளரின் கண்ணுக்கு. அவன் ஒரு பக்கம் பாய்ந்தான், பந்து ஒரு பக்கம் போனது, கிண்ணம் பக்கத்து ஊருக்குப் போனது. பிறகு குழுப் படம். விருந்தினர்கள் முன்னால் நீலக் கதிரையில்; வென்ற பெடியள் பின்னால், இருட்டுக்குள். படத்தில் கிண்ணம் வடிவாகத் தெரிகிறது.

2023 தையில் பீஃபா இலங்கையை இடைநிறுத்தியது. ஆவணி மட்டும் தடை. காரணம், நிர்வாகத்தில் மூன்றாந்தரப்பின் தலையீடு. பேப்பரில் வாசித்துவிட்டுச் சிரித்தேன். எங்கள் கழகத்தில் தலையிடாத தரப்பு எது என்று எண்ணினால் ஆச்சியின் பூனை ஒன்றுதான் மிஞ்சும்.

அந்த வருடம்தான் கனடா விசிற் விசா சுலபமாகக் கிடைக்கிறது என்று ஊரே பாஸ்போட் எடுத்தது. எங்கள் முன்வரிசைக்காரனும் கோல்காப்பாளரும் ஒரே மாதத்தில் பிளேன் ஏறினார்கள். கோல்காப்பாளர் போகிற அன்று வீட்டுக்கு வந்து கையுறையைத் தந்தான். "அண்ணை, உது கழகத்தின்ர." எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கையுறை, சோடி ஒன்று, என்று இருப்பில் எழுதினேன். அவனுக்குப் பதிலாக அடுத்த குறிச்சியில் ஒரு பெடியன் இருக்கிறான், கை நீண்டவன், நல்லாப் பாய்வான். சேர்ப்போம் என்று நிர்வாக சபையில் சொன்னேன். "யோசிப்பம்" என்றார்கள். பந்துக்குச் சாதி தெரியாது என்ற அந்த உரைக்கு முன்வரிசையில் இருந்து கைதட்டியவர்கள்தான். யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

போன வியாழக்கிழமை ஊரில் ஒரு செத்த வீடு. கொட்டகைக்குக் குழாய் காணாது என்று எங்கள் கோல் கம்பங்களையும் கழற்றிக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை கதிரை திரும்பி வந்தது. எண்ணினேன், 146. நாலு குறைகிறது. செத்த வீட்டுக்காரர் கற்பூரம் அடிக்காத குறையாக எல்லாம் தந்துவிட்டோம் என்றார்கள். அழுத கண்ணோடு நிற்கிறவர்களிடம் கதிரைக் கணக்குக் கேட்கிற பிழைப்பு யாருக்கு வேணும்? கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டு மைதானப் பக்கம் சைக்கிளை விட்டேன்.

நாலு கதிரையும் அங்கே நின்றன. இந்தக் கரையில் இரண்டு, அந்தக் கரையில் இரண்டு. கோல் கம்பம்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அந்த இடது கால்காரி பந்தை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒருவனை வெட்டினாள், இன்னொருவனுக்கு முன்னால் நின்றமாதிரி நின்று விலகினாள். அடித்தாள். பிதுங்கின பந்து நேராகப் போகாது, அது எல்லாருக்கும் தெரியும். அவள் அதற்கும் கணக்குப் பார்த்துத்தான் அடித்திருக்கவேண்டும். வெளியால் போகிறதுபோல் போய், கடைசியில் வளைந்து, கதிரையின் காலில் 'படார்' என்று பட்டது. கதிரை சரிந்தது. கால் முறிந்துவிட்டது. பந்து உள்ளே.

"கோல்!"

"இல்லையடா, கதிரை விழுந்திட்டுது! செல்லாது!"

எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், நீங்கள் சொல்லுங்கோ. கோலா, இல்லையா?" அவள் மட்டும் கிட்ட வரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள்.

"கம்பத்தில பட்டு உள்ள போனால் கோல்தான்" என்றேன்.

கொப்பியைத் திறந்து, கதிரை 149 என்று எழுதினேன். பந்து உருண்ட பக்கம் ஒருவன் ஓடினான். அது இதற்குள் துள்ளி மதிலைத் தாண்டியிருந்தது.

"ஆரடா அது?" என்றா ஆச்சி.