வடிவும் ஒழுங்கும்

ஒழுங்கை நாடுதல் மனித உள்ளத்தின் இயல்பு. விடியற்காலையில் வாயில் தெளித்துப் புள்ளிக் கோலம் இடும் பெண், சிறு வளைவு ஒன்றையே மீண்டும் மீண்டும் இழைத்து முற்றத்தை அழகு செய்கிறாள். பாய் முடைவோரும் கூடை பின்னுவோரும் அவ்வாறே ஒரு வடிவைப் பலவாகப் பெருக்குகின்றனர். இக்கலை பள்ளி ஓவிய வகுப்பிலும் இடம்பெறுவதுண்டு. ஒரு வடிவை எடுத்து, அதனையே இடைவெளியின்றி அடுக்கித் தாளை நிரப்புமாறு ஆசிரியர் பணிக்கிறார். இதனை வீண் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். அக்கருத்துப் பொருந்தாது. ஆயினும், செய்யும் முறையால் இப்பணி பயனுள்ளதாகவும் ஆகலாம், பயனற்றதாகவும் ஆகலாம்.

மாணவர் இருவர் இதனைச் செய்யும் முறையை ஒப்பிட்டுக் காணுதல் நலம். ஒருவன் கடையில் அச்சிட்ட படம் ஒன்றை வாங்குகிறான். வண்ணம் தீட்டி, ஓரத்தில் தன் பெயரை எழுதி ஒப்படைக்கிறான். மற்றொருத்தி அட்டையில் ஒரு சதுரம் வெட்டுகிறாள். அதன் இடப்பக்கத்தில் ஒரு துண்டை விரும்பியவாறு நறுக்கி, அதனைத் திருப்பாமல் நேரே நகர்த்தி வலப்பக்கத்து விளிம்பில் ஒட்டுகிறாள். மேற்பக்கத்தில் நறுக்கியதை அவ்வாறே கீழ்ப்பக்கத்தில் ஒட்டுகிறாள். சதுரம் மறைந்து புதியதோர் உருவம் பிறக்கிறது. அதனைத் தாளில் வைத்துச் சுற்றிலும் கோடிட்டு, சதுரத்தின் பக்க அளவு நகர்த்தி மீண்டும் கோடிடுகிறாள். ஓர் உருவின் பள்ளத்தை அடுத்த உருவின் மேடு நிரப்புகிறது. நறுக்கியது அவ்வுருவிலேயே சேர்ந்தமையால் பரப்பு மாறவில்லை என்ற உண்மை அவளுக்குக் கையாலேயே விளங்குகிறது.

பின்னர் அவள் பக்கங்களும் கோணங்களும் சமமான ஐங்கோணத்தை முயன்று தோல்வியுறுகிறாள். தோல்வி அவளைச் சிந்திக்கத் தூண்டுகிறது. ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள கோணம் 360 பாகை. சமபக்க முக்கோணத்தின் 60 பாகைக் கோணங்கள் ஆறும், சதுரத்தின் 90 பாகைக் கோணங்கள் நான்கும், ஒழுங்கு அறுகோணத்தின் 120 பாகைக் கோணங்கள் மூன்றும் அதனைச் சரியாக நிரப்பும். ஐங்கோணத்தின் கோணமோ 108 பாகை. மூன்றை அடுக்கினால் 36 பாகை எஞ்சும், நான்காவதற்கு இடமில்லை. தேனீயின் கூட்டில் அறுகோணங்கள் பிளவின்றிப் பொருந்தும் காரணமும் அவளுக்குப் புலப்படுகிறது. படத்தை விலைக்கு வாங்கியவன் இவற்றுள் எதனையும் அறியான்.

ஒன்றையே திரும்ப வரைந்தால் கற்பனை மங்கும் என்று சிலர் கூறுவர். டச்சு ஓவியர் எஷரின் வாழ்க்கை அதனை மறுக்கிறது. அவர் பள்ளியில் கணக்கில் சிறந்து விளங்கியவர் அல்லர். ஸ்பெயின் நாட்டுக் கிரனாடா நகரிலுள்ள அல்ஹம்பிரா அரண்மனையை 1922 ஆம் ஆண்டிலும் 1936 ஆம் ஆண்டிலும் அவர் கண்டார். சுவரோடுகளில் அமைந்த கோண வடிவங்களைப் பொறுமையுடன் படியெடுத்தார். ஆயினும் படியெடுத்தலோடு அவர் நின்றுவிடவில்லை. அவற்றின் விதியைக் கற்று, அவ்விதிக்குள் பறவையும் மீனும் பல்லியும் ஒன்றோடொன்று பிணையுமாறு தமக்கே உரிய ஓவியங்களைப் படைத்தார். விதி அவருடைய கற்பனைக்குத் தளையாகவில்லை, துணையாயிற்று.

இவ்வுண்மையைக் காண அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி முதலானோர், கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண முறையால் விளக்கும் ஆய்வினை 1974 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஏட்டுக் கல்வி பெறாத பெண்டிரும் கைப்பழக்கத்தால் காத்துவந்த கோலம், அறிஞர் ஆராயும் பொருளாயிற்று. அத்தகைய கோலம் இன்று பல வாயில்களில் ஒட்டுத்தாளாகக் காட்சியளிக்கிறது. அது நாளும் அழியாது. ஆனால் நாளும் ஒரு கையைப் பழக்குவதும் இல்லை.

கையால் செய்த தாளில் பசைக்கறை இருக்கலாம். கோடு சற்றே கோணலாகலாம். கடைப் படம் அதனினும் தூயதாகத் தோன்றும். அத்தூய்மை கண்டு அதற்கே மிகுந்த மதிப்பெண் வழங்கினால், உழைத்தவளின் ஊக்கம் குன்றும்; உழைப்பினும் விலைப்பொருளே மேல் என்ற தீய பாடத்தை வகுப்பு முழுவதும் கற்கும். ஆதலின், இவ்வுரு எவ்வாறு பிறந்தது என்று ஆசிரியர் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூற வல்லவருக்கே மதிப்பெண் உரியது. பெற்றோரும் கடைப் படத்துக்குக் காசு தருவதை விடுத்து, பழைய அட்டையும் கத்தரிக்கோலும் தந்து பொறுமை காத்தல் வேண்டும். பிறர் வரைந்த நூறு வடிவங்களுக்கு உடையவராவதினும், தாம் கண்டறிந்த ஒரு வடிவத்துக்கு உரியவராவதே மாணவர்க்குப் பெருமையாகும்.