மாடு இறங்கக் கூடாத பள்ளம்

சுற்றுலா வந்தால்தான் பழங்குடிகளும் பிழைப்பார்கள், காடும் பிழைக்கும் என்று படித்தவர்களே உறுதியாக நம்புகிறார்கள். ‘பசுமைச் சுற்றுலா’ என்று பெயர் சூட்டிவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. தான்சானியாவின் மசாய் மக்களிடம் இந்த நம்பிக்கை எடுபடாது.

1959-இல் பிரிட்டிஷ் ஆட்சி அவர்களைச் செரெங்கெட்டி காட்டுயிர்ப் பூங்காவிலிருந்து வெளியேற்றியது. பக்கத்துக் கோரோங்கோரோவில் மாடு மேய்த்து வாழலாம் என்று வாக்குக் கொடுத்தது. 1974-இல் அங்குள்ள எரிமலைப் பள்ளத்தில் குடியிருந்தவர்களைத் தான்சானிய அரசு விரட்டியது. மறு ஆண்டே பயிர் செய்யவும் தடை வந்தது. இன்று பயணிகளின் ஜீப்புகள் கட்டணம் செலுத்திவிட்டு அந்தப் பள்ளத்தில் இறங்குகின்றன. மசாயின் மாடு மட்டும் இறங்கக் கூடாது!

2022 ஜூனில், செரெங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைக் காட்டுயிர்க் காப்பகமாக்க எல்லைக்கல் நட வந்த படையினர், எதிர்த்த மக்கள்மீது சுட்டார்கள். பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். அதே ஆண்டில் கோரோங்கோரோ குடும்பங்களை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ம்சோமேரா கிராமத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பப்பட்டே போகிறார்கள் என்கிறது அரசு. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரும் பணத்தை நிறுத்தி எங்களை நெருக்குகிறார்கள் என்கிறார்கள் மக்கள். நான் மக்களைத்தான் நம்புகிறேன்.

மாடுகள் பெருகினால் காட்டுயிர் அழியும் என்பது அரசின் அடுத்த வாதம். மசாய்கள் வழிவழியாகக் காட்டு விலங்கின் இறைச்சியை உண்ணாதவர்கள். அவர்கள் மேய்த்த புல்வெளியில்தான் இத்தனை விலங்குகளும் மிஞ்சியிருந்தன. லோலியோண்டோவிலோ, பணக்கார வெளிநாட்டவர்கள் சுட்டு விளையாட வேட்டை உரிமமே கொடுத்து வைத்திருந்தார்கள். இதில் எதைக் காப்பாற்றுகிறார்கள்?

சுற்றுலாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கென்யாவின் மாராப் பகுதியில் மசாய்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தங்கள் பெயரிலேயே பட்டா உண்டு. விடுதிக்காரர்கள் அவர்களிடம் குத்தகை பேசி வாடகை தருகிறார்கள். அங்கும் 2020-இல் கொரோனா வந்து பயணம் நின்றதும் வாடகை தடுமாறியது. ஆனால் நிலம் கையில் இருந்தது, மாடும் இருந்தது. அவர்களைத் தாங்கியவை அவைதான்.

பழங்குடிக் கிராமத்துக்குப் பயணம் பதிவு செய்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, ‘வராதே’ என்று சொல்லும் அதிகாரம் ஊராருக்கு இருக்கிறதா என்று விசாரியுங்கள். நேரான பதில் கிடைக்காவிட்டால் பணம் கட்டாதீர்கள்.