வாட்ச் ‘நார்மல்’ என்றால் இதயமும் நார்மலா?

காஞ்சிபுரத்தின் ராஜ வீதிகளில் காலை ஐந்தரை மணிக்கே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஷிப்ட் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன் ஓடுபவர்கள், ஐ.டி. வேலையை வீட்டிலிருந்து பார்ப்பவர்கள், கடை திறக்கும் முன் நடப்பவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். பலருடைய கையில் ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. ஓடி முடித்ததும் முதல் வேலை வாட்ச்சைப் பார்ப்பதுதான். ‘ஹார்ட் ரேட் ஓகே, ஸ்கோர் ஏறியிருக்கு’ என்றால் மனசுக்கு ஒரு நிம்மதி.

ஓடுவது நல்லது. 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைத் தொடங்கி, 38 மாவட்டங்களிலும் தலா 8 கி.மீ. நடைபாதையை அடையாளம் காட்டியதும் இதற்காகத்தான். ஆனால் அந்த நிம்மதியை வாட்ச்சிடமிருந்து மட்டும் வாங்கிக்கொள்வதுதான் சிக்கல். வாட்ச் எதை அளக்கிறது, எதை ஊகிக்கிறது, எதை அறவே பார்ப்பதில்லை என்ற மூன்றையும் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

வாட்ச் எப்படி நாடித் துடிப்பை எண்ணுகிறது?

வாட்ச்சின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒருமுறை துடிக்கும்போது மணிக்கட்டில் ரத்தம் சற்று அதிகமாகப் பாய்கிறது, அப்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று காட்டுகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது நன்றாகவே வேலை செய்யும். ஓடும்போது கை ஆடுகிறது, வியர்க்கிறது, ஸ்ட்ராப் நழுவுகிறது. சில நேரம் வாட்ச் உங்கள் காலடியின் தாளத்தையே நாடித் துடிப்பு என்று எண்ணிவிடும். மெதுவாகத்தான் ஓடுகிறீர்கள், மூச்சு வாங்கவில்லை, ஆனால் வாட்ச் 165 காட்டுகிறது என்றால், நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று பாருங்கள். அதுவும் 165 ஆக இருந்தால் சந்தேகப்படலாம். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாதபடி கட்டினால் இந்தப் பிழை குறையும். துல்லியம் வேண்டுமென்றால், இதயத்தின் மின் சமிக்ஞையைப் பிடிக்கும் மார்புப் பட்டைதான் மேல்.

அடிகளை எண்ணும் கணக்கும் இப்படித்தான். தறிக் குழியில் கால்விட்டு நாள் முழுக்க மிதிக்கும் நெசவாளியின் கையில் வாட்ச்சைக் கட்டினால், அந்தக் கால் உழைப்பு அதற்குத் தெரியவே தெரியாது. நாடா வீசும் கையசைவை வேண்டுமானால் சில அடிகளாக எண்ணிக்கொள்ளும். 10,000 அடி என்ற புகழ்பெற்ற இலக்கே 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘மான்போ-கெய்’ என்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்ததுதான்.

எந்த எண்ணைப் பார்க்கலாம்?

உருப்படியான முதல் எண், ஓய்வு நிலை நாடித் துடிப்பு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. தொடர்ந்து ஓடிப் பழகியவர்களுக்கு 60-க்குக் கீழேயும் இறங்கும். ஒரு நாள் எண்ணை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் போக்கு எப்படி என்று பாருங்கள். நைட் ஷிப்ட், தூக்கமின்மை, காய்ச்சல், மது எல்லாமே இதை ஏற்றிவிடும். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக இருந்தால் அன்றைக்கு வேக ஓட்டம் வேண்டாம்.

இரண்டாவது, ‘வி.ஓ.2 மேக்ஸ்’. கடும் உழைப்பில் உடல் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் அளவு இது. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி, டிரெட்மில்லில் ஓடவிட்டு அளப்பார்கள். வாட்ச் உங்கள் வேகத்தையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் வரை மார்கழியில் ஓடிய அதே வேகத்தில் அக்னி நட்சத்திரத்தில் ஓடிப் பாருங்கள், துடிப்பு நிச்சயம் எகிறும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், வியர்வையில் நீரும் போகிறது, அதனால் இதயம் கூடுதலாக உழைக்கிறது. வெயிலைக் கணக்கில் எடுக்காத வாட்ச் ‘ஃபிட்னஸ் குறைஞ்சிடுச்சு’ என்று சொல்லும். அதை மெய்ப்பிக்க வேகத்தைக் கூட்டுவதுதான் ஆபத்து.

மூன்றாவது, அதிகபட்சத் துடிப்பு. பல வாட்ச்கள் 220-லிருந்து வயதைக் கழிக்கின்றன. 30 வயதென்றால் 190. இது சராசரிக் கணக்கு. உங்கள் உண்மையான எண் அதிலிருந்து பத்து, பன்னிரண்டு துடிப்பு தள்ளியிருக்கலாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது மிதமான ஓட்டம். இந்தப் பழைய சோதனைக்கு சார்ஜ் தேவையில்லை.

எதைச் சொல்லாது?

மாரடைப்பு என்பது பெரும்பாலும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் வரும் அடைப்பு. அதை மணிக்கட்டின் பச்சை விளக்கால் பார்க்க முடியாது. ஈ.சி.ஜி. வசதியுள்ள ஆப்பிள் வாட்ச்சிலேயே, இதனால் மாரடைப்பைக் கண்டறிய முடியாது என்று அந்த நிறுவனம் எச்சரிக்கிறது.

வாட்ச்கள் ஓரளவு கைகொடுப்பது சீரற்ற துடிப்பைக் கவனிப்பதில். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 4,19,297 பேரிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 0.5 சதவீதம் பேருக்கே இந்த எச்சரிக்கை வந்தது. அவர்களில், பின்னர் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டித் திருப்பி அனுப்பிய 450 பேரில் 34 சதவீதம் பேரிடம் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ பதிவானது. இந்தக் கோளாறு வந்து வந்து போகக்கூடியது என்பதால், மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதனால், எச்சரிக்கை வந்தால் பதற்றம் வேண்டாம், ஆனால் டாக்டரைப் பாருங்கள்.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இன்னும் முக்கியம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆதரவு பெற்ற தேசிய ஆய்வு, இந்தியாவில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தமும் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவும் இருப்பதாகச் சொன்னது. துடிப்பு 68 என்று அழகாக இருக்கும்போதே ரத்த அழுத்தம் 160 இருக்கலாம். ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச்களை நம்ப வேண்டாம், அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

என்ன செய்யலாம்?

வாட்ச்சைக் கழற்ற வேண்டாம். அது உங்களை எழுப்பி ஓடவைக்கிறது என்றால் அதுவே லாபம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்ற உலக சுகாதார அமைப்பின் குறைந்தபட்சப் பரிந்துரையைக் கணக்கு வைக்க அது நல்ல நோட்டுப் புத்தகம்.

அதோடு, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். கொழுப்பு அளவையும் ஒருமுறை சோதியுங்கள். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வாட்ச்சின் பெட்டியிலும், இது மருத்துவக் கருவியா இல்லையா என்று தமிழில் பெரிதாக அச்சிட வைக்க வேண்டும். நடைபாதை முகாம்களுக்கு இளைஞர்களையும் இழுக்க வேண்டும்.

ஓடும்போது நெஞ்சு இறுகினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், தலை சுற்றினால், வாட்ச்சைப் பார்க்காதீர்கள். ஓட்டத்தை நிறுத்தி 108-ஐ அழையுங்கள். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகள் இருக்கின்றன. அங்கே சீக்கிரம் போய்ச் சேருவதுதான் முக்கியம். அந்த நேரத்தில் திரையில் ‘நார்மல்’ என்று காட்டினாலும் காத்திருக்காதீர்கள்.