பறவைக்குப் பட்டயம் வாங்கிய ஊர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல் என்று ஒரு ஊர் இருக்கிறது. பறவைகளைப் பார்ப்பதற்காக ஆண்டுதோறும் ஏராளமான மக்கள் அங்கே போகிறார்கள். நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று எத்தனையோ வகைகள்! ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன.

இவற்றைக் காப்பாற்றியது யார்? "சர்க்கார்" என்று சொல்வீர்கள். அது பாதிதான் சரி. முதலில் காப்பாற்றியவர்கள் அந்த ஊர்க் குடியானவர்கள்.

துப்பாக்கிச் சத்தம்

அது வெள்ளைக்காரர் காலம். சிப்பாய்கள் வேட்டை என்று சொல்லி ஏரிப் பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் பொறுக்கவில்லை. நேரே கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1790-களில் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் என்பவர். பறவைகளை யாரும் தொடக்கூடாது என்று அவரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கினார்கள். 1858-ம் ஆண்டில் அந்த உரிமையை மீண்டும் உறுதி செய்துகொண்டார்கள்.

குடியானவர்களுக்குப் பறவை மேல் ஏன் இவ்வளவு அக்கறை? இரக்கம் மட்டும் அல்ல, ஆதாயமும் இருந்தது. பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. நெல்லுக்கு அதைவிட நல்ல உரம் ஏது? இதை அவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்? வரப்பில் நின்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஊருக்கு அக்கறை இருக்க வேண்டும். ஊரின் கையில் எழுத்தும் இருக்க வேண்டும். எழுத்து இல்லாத அக்கறையை யாரும் மதிப்பது இல்லை. இது பழங்கதை அல்ல. அண்மையில் மதுரைப் பக்கம் நடந்ததைப் பாருங்கள்.

அரிட்டாபட்டி

மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், வற்றாத சுனைகள், ஏரிகள், குளங்கள். மலைக் குகையில் பழந்தமிழ்க் கல்வெட்டும், சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கையும் உள்ளன. சுமார் 250 வகைப் பறவைகள் அங்கே காணப்படுகின்றன. காண்பதற்கு அரிய வல்லூறு உண்டு. தேவாங்கு, மலைப்பாம்பு, எறும்புத்தின்னி எல்லாம் உண்டு.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 எக்டேர் இடத்தைத் தமிழ்நாடு அரசு "பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்" என்று அறிவித்தது. பெயர் வாயில் நுழையவில்லையா? மரம், செடி, பறவை, பூச்சி எல்லாம் சேர்ந்து வாழும் பழம்பெரும் இடம் என்று பொருள். தமிழ்நாட்டில் முதலில் இந்தப் பெயர் பெற்றது அந்த இடம்தான்.

இரண்டே ஆண்டில் சோதனை வந்தது. 2024 நவம்பரில், அந்த இடத்தையும் சேர்த்து 2 ஆயிரம் எக்டேருக்கு மேற்பட்ட நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன செய்தி வெளியானது. (பழைய குண்டு பல்புக்குள் ஒளிவிடும் கம்பி இருக்கிறதே, அதுதான் டங்ஸ்டன்.) ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். டிசம்பர் 9-ந்தேதி சட்டசபையில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ந்தேதி விவசாயிகள் மதுரைக்கு ஊர்வலம் போனார்கள். ஜனவரி 23-ந்தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ரத்துக்குக் காரணம் சொன்னபோது அந்தப் பாரம்பரியத் தலத்தையும் மத்திய அரசு குறிப்பிட்டது. மக்கள் நடந்தார்கள், எழுத்து அவர்களோடு நடந்தது!

பிழைப்பு கெடுமா?

"மலையைக் காத்தால் வயிறு நிறையுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சுரங்கம் வேலை கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டி முடித்ததும் அந்த வேலையும் முடிந்துவிடும். ஏரி அப்படி அல்ல. மழை பெய்கிற வரை, கரை நிற்கிற வரை, ஆண்டுதோறும் சோறு போடும்.

காப்பது என்றால் ஆடு மாடு மேய்ப்பவரை விரட்டுவதும் அல்ல. இப்படி அறிவிப்பதால் யாருக்காவது பிழைப்பு கெட்டால், ஈடு செய்யத் திட்டம் போட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

நம் ஊரில்?

2002-ம் ஆண்டின் அந்தப் பல்லுயிர்ச் சட்டத்தில் இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு ஊராட்சியும், நகராட்சியும் ஒரு பல்லுயிர்க் குழு அமைக்க வேண்டும். ஊரில் உள்ள மரம், மூலிகை, மீன், நெல் வகை, பறவை எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சரியாக எழுதாத ஊர்களும் இருக்கலாம். அதிகாரியைக் குறை சொல்லி என்ன பயன்? குளத்து மீனின் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் பாட்டிக்குத்தான் தெரியும். பாட்டி சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் பேத்தி நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டைக் குழுவிடம் கொடுங்கள்.

ஆகஸ்டு 15-லும் அக்டோபர் 2-லும் கிராமசபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று கேளுங்கள்: "நம் ஊரில் பல்லுயிர்க் குழு இருக்கிறதா? உறுப்பினர் யார் யார்? பதிவேடு எங்கே?"