கிடங்கு நிறைந்தால் மட்டும் போதுமா?

போர், வறட்சி, கொள்ளைநோய் என எது வந்தாலும் தாக்குப்பிடிக்க, மத்திய தொகுப்பில் குறைந்தது எவ்வளவு அரிசி, கோதுமை இருக்க வேண்டும் என்று மத்திய அரசு அளவு வகுத்துள்ளது. 2015 முதல் உள்ள கணக்குப்படி ஜூலை 1 அன்று 411.20 லட்சம் டன் இருக்க வேண்டும். இதில் 50 லட்சம் டன் அவசர காலத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது.

2020 ஊரடங்கில் இந்த இருப்புதான் கைகொடுத்தது. சுமார் 80 கோடிப் பேருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ தானியம் இலவசமாக வழங்க முடிந்தது.

ஆனால், இருப்பு சேர்வது எவ்வளவு எளிதில் தடைபடும் என்பதை 2022 காட்டியது. மார்ச் மாத வெயிலில், மணி முற்றும் பருவத்திலிருந்த கோதுமை பஞ்சாப், அரியானாவில் சுருங்கிப்போனது. உக்ரைன் போரால் வெளிச்சந்தை விலை, குவிண்டால் ரூ.2,015 என்ற ஆதார விலையைத் தாண்டியது. விவசாயிகள் வியாபாரிகளிடம் விற்றனர். முந்தைய ஆண்டு 433 லட்சம் டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் சுமார் 188 லட்சம் டன்னாகச் சரிந்தது. மே 13-ல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. ஊக்கத்தொகை சேர்த்துக் கொடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நெல்லோ கோதுமையோ அல்ல, விவசாயியின் நம்பிக்கையும் கிடங்குக்கு வந்திருக்கும். அபூர்வமாக நல்ல விலை கிடைக்கும் ஆண்டில் கதவைச் சாத்துவது, அடுத்த பருவ சாகுபடியையும் யோசிக்க வைக்கும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியபோது இங்கே மளிகைக் கடை வரை பதற்றம் வந்தது. பொட்டாஷ் உரத்துக்கும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். அரிசி இருக்கிறது, அதை விளைவிக்கும் உரம் கப்பலில் வர வேண்டியிருக்கிறது. உரம் திடீரென நின்றால் என்ன ஆகும் என்பதை இலங்கை பார்த்துவிட்டது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, நவம்பரில் பின்வாங்கினார்கள். அதற்குள் பெரும்போக விளைச்சல் அடிபட்டு, அரிசி இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

நம் வயலில் செய்யக்கூடியதும் உண்டு. நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. அதை முழுவதும் விற்றுவிட்டால், அந்தச் சத்தை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மாட்டுக்குப் போனது எருவாகவாவது திரும்பட்டும். உரம் போடுமுன் மண் பரிசோதனை அட்டையைப் பாருங்கள். மானாவாரியில் கடலை, எள் போடுபவர்கள் அடுத்த பருவ விதையைச் சொந்தமாக எடுத்து வையுங்கள்.