உதவி கேட்பவரின் மானமும் அமானிதமே



2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைத் தென்மாவட்ட மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறிப் பாய்ந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. பல ஊர்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அற்றுப்போயின.

இத்தகைய நாட்களில் உதவி கேட்போரையும் செய்வோரையும் இணைப்பதற்கென எம் பகுதி இளைஞர்கள் ஒரு செயலியை நடத்தி வருகின்றனர். இரத்தம், படகு, மருந்து, உணவு என எதற்கும் அதில் கோரிக்கை வைக்கலாம். இப்போது அதனைத் திருத்தி அமைக்கின்றனர். குழுவினர் ஒரே ஊரில் இல்லை. இஷாவுக்குப் பின் இங்கு இரவு 9 மணிக்கு மஷூரா தொடங்கும்போது துபாயில் 7.30, சிங்கப்பூரில் 11.30. உறக்கத்தைத் துறந்து அமரும் அப்பிள்ளைகளின் உழைப்பை அல்லாஹ் அங்கீகரிப்பானாக! மார்க்க ஆலோசனைக்கென எம்மையும் அழைத்திருந்தனர். அங்கு எழுந்த விவாதம் நம் குடும்பங்கள் அனைத்துக்கும் உரியது என்பதால் இங்கு எழுதுகிறோம்.

இரண்டு யோசனைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, கோரிக்கைகளை எண்ணுடனும் முகவரியுடனும் அனைவரும் காணும்படி வைப்பது. உதவி விரைந்து சேரும் என்பது அதற்கான காரணம். மற்றொன்று, அதிகம் உதவியவர்களைப் படத்துடன் வரிசைப்படுத்துவது. தொண்டர்களின் ஆர்வம் குன்றாது என்பது காரணம். இரண்டும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும் இரண்டையும் நாம் ஏற்கவில்லை.

பழைய செயலியில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். கணவரை இழந்த ஒரு சகோதரி, தன் குழந்தைக்கு மருந்து கேட்டுப் பதிவிட்டார். அன்றே மருந்து கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவரது எண் குழுவுக்குக் குழு பரவியது. வாரக்கணக்கில் நேரங்கெட்ட நேரத்தில் அழைப்புகள் வந்தன. அடுத்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அவர் யாரிடமும் உதவி கேட்கவில்லை. பிள்ளைகளுடன் மாடிப்படியில் இரவைக் கழித்தார். ஒரு நாள் விரைந்து உதவிய நாம், மறுமுறை அவர் வாய் திறக்க முடியாதபடி செய்துவிட்டோம். இது யாருடைய குற்றம்?

நம்மிடம் ஒப்படைக்கப்படும் பொருள் மட்டுமன்று, எண்ணும் முகவரியும் துன்பமும் அமானிதமே. ஆகவே அவை பொறுப்பாளருக்கும் உதவச் செல்பவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். பணி முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். பெண்கள் கேட்கும் உதவிக்குப் பெண் தன்னார்வலரே பேச வேண்டும்.

வரிசைப் பட்டியலுக்கு வருவோம். தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதையும் அல்லாஹ் நல்லதென்றே கூறுகின்றான். ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பதை அதனினும் மேலானதாக ஆக்கியுள்ளான் (அல்குர்ஆன் 2:271). எத்தனை குடும்பங்களுக்கு உதவி சேர்ந்தது என்ற மொத்தக் கணக்கை வெளியிடட்டும். அது பிறரை நன்மைக்குத் தூண்டும். யார் முதலிடம் என்ற போட்டியோ இக்லாஸை அரித்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக எளிய வேலைகளை ஓடிப் பிடிப்பவர், படுத்த படுக்கையான முதியவரைச் சுமந்து இறக்கும் கடினமான வேலையை ஒதுக்கிவிடக்கூடும்.

செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு திருமறை (49:6) கட்டளையிடுகிறது. என்றோ தீர்ந்துபோன இரத்தத் தேவைக்கான செய்தி இன்றும் நம் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருப்பதை அனைவரும் அறிவோம். ஒவ்வொரு கோரிக்கையும் பேசி உறுதிசெய்யப்பட்ட பின்னரே வெளியாக வேண்டும். குறித்த நேரத்தில் தானாக மூடப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வெளிநாட்டிலிருக்கும் சகோதரர் அழகிய வரைபடம் ஒன்றைச் செய்து காட்டினார். உள்ளூர்த் தொண்டர் ஒருவர் தயங்கியபடியே, “ஹஜரத், இடுப்பளவு தண்ணியில நிக்கிறப்ப விரல் ஈரமா இருக்கும், திரை நகராது. சார்ஜும் இருக்காது, சிக்னலும் இருக்காது” என்றார். சபை அமைதியானது. அகழ்ப்போரின்போது, அகழி தோண்டும் முறையை அறிந்திருந்த ஸல்மான் ஃபார்ஸி (ரழி) அவர்களின் யோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். அறிந்தவரின் சொல்லுக்கு இடமளிப்பதே மஷூரா. தண்ணீரில் நிற்பவரே இங்கு அறிந்தவர். பெரிய எழுத்தில் மூன்றே பொத்தான்கள், இணையமின்றிக் குறுஞ்செய்தியில் இயங்கும் வழி, முகப்பிலேயே 108, 112 ஆகிய எண்கள்: இவை போதும். கேட்பவரின் மதத்தைக் கேட்கும் கட்டம் எதுவும் தேவையில்லை.

எண்களை மறைப்பதற்குக் குழு இசைந்துவிட்டது. பட்டியல் பற்றி இன்னும் முடிவாகவில்லை. ஆனால் செயலி எப்படி மாறினாலும், ஒருவரின் துன்பத்தைப் படமெடுத்து அடுத்தவருக்கு அனுப்பும் விரல் நம்முடையது. அதனை அடக்குவதற்கு மஷூரா தேவையில்லை. இன்றே நம் வீட்டிலிருந்து தொடங்கலாம்.

பிறர் குறையை மறைத்து, தேவையை நிறைவேற்றும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.