இந்நாவல்கள் யாருக்குச் சொந்தம்?

எதிர்காலச் சமுதாயத்தைக் கொடுங்கனவாகத் தீட்டிக் காட்டும் நாவல்களைப் பற்றி நம்மவரிடையே இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. முற்போக்காளர் சிலர், இவை யாவும் ஏகாதிபத்தியத்தின் பனிப்போர்ப் பிரசாரம் என்று கூறி ஒதுக்கிவிடுகின்றனர். தூய இலக்கியம் பேசுவோரோ, இவை எங்கோ ஒரு கொம்யூனிச நாட்டின் கதை, சுதந்திர உலகுக்கும் இவற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை என்று ஆறுதல் கொள்கின்றனர். பகைவர் போலத் தோன்றும் இவ்விரு சாராரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர். இந்நாவல்கள் முதலாளித்துவ முகாமுக்குச் சொந்தம் என்பதே அது. அவ்வுடன்பாட்டையே நாம் மறுக்கின்றோம்.

முதற்சாராரின் குற்றச்சாட்டு ஆதாரமற்றதன்று. ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ 1945இலும் ‘1984’ 1949இலும் வெளிவந்தன. பிரித்தானிய வெளிநாட்டமைச்சு 1948இல் இரகசியமாக நிறுவிய தகவல் ஆராய்ச்சித் திணைக்களம், ‘விலங்குப் பண்ணை’யைப் பிறமொழிகளிற் பரப்பத் துணைநின்றது. ஓர்வெல் தாமும் 1949இல், கொம்யூனிச அனுதாபிகள் என்று தாம் கருதிய 38 பேரின் பெயர்களை அத்திணைக்களத்துக்குக் கொடுத்தார். வேவு பார்க்கும் அரசை அவ்வளவு வெறுத்த எழுத்தாளரின் அச்செயலை நாம் நியாயப்படுத்த முன்வரோம்.

ஆயினும் ஒரு கேள்விக்கு நண்பர்கள் விடை கூறவேண்டும். ‘விலங்குப் பண்ணை’யின் சித்திரத் திரைப்படம் 1954இல் வெளிவந்தது. அதற்கு மறைவிற் பணம் கொடுத்தது அமெரிக்க மத்திய உளவு நிறுவனம். நூலின் இறுதியிலே பன்றிகளும் மனிதரும் ஒரே மேசையிலிருந்து விருந்துண்ண, எது பன்றி, எவன் மனிதன் என்று தெரியாது விலங்குகள் திகைத்து நிற்கின்றன. திரைப்படத்திலோ மனிதர் மறைந்து, பன்றிகள் மட்டுமே குற்றவாளிகளாக எஞ்சுகின்றன. புரட்சியைக் காட்டிக்கொடுத்தோரும் பழைய சுரண்டற்காரரும் ஒன்றாகிவிட்டனர் என்ற கண்டனத்தின் ஒரு பாதி அங்கே வெட்டப்பட்டது. அந்நூல் அவர்களுடையதாயின் அதன் முடிவை ஏன் மாற்றினார்கள்? தம் நூலைத் தாமே தணிக்கை செய்யும் தேவை எவருக்கு உண்டாகும்?

இவ்வகை நாவல்களுக்கு வழிகாட்டியது, ருசிய எழுத்தாளர் யெவ்கேனி சம்யாத்தின் 1920–21இல் எழுதிய ‘நாம்’ ஆகும். சம்யாத்தின் பிற்போக்காளர் அல்லர். 1905ஆம் ஆண்டுப் புரட்சியிலே போல்ஷெவிக்குகளோடு நின்று ஜார் அரசின் சிறையைக் கண்டவர். கப்பற் பொறியியலாளரான அவர் படைத்த அரசிலே மனிதருக்குப் பெயரில்லை, எண்களே உண்டு. சுவர்கள் யாவும் கண்ணாடி. அவ்வரசு போற்றும் மேதை மார்க்சும் அல்லர், லெனினும் அல்லர். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்து வேலை வாங்கக் கற்பித்த அமெரிக்கப் பொறியியலாளர் டெய்லரே அவர். தொழிற்சாலை மேற்பார்வையாளனின் கண் சமுதாயம் முழுவதன் மீதும் விழுந்தால் என்ன நேரும் என்பதே அந்நூல் எழுப்பும் கேள்வி. அங்கே மரணத் தீர்ப்பைச் செய்யுளாக்கிப் பாடும் அரசாங்கக் கவிஞனும் ஒருவன் இருக்கின்றான். அவனைக் கண்டு நாணவேண்டியோர் எல்லா முகாம்களிலும் உளர்.

அந்நூல் சோவியத் நாட்டில் அச்சேறவில்லை. 1924இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு நியூயோர்க்கில் வெளிவந்தது. 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி, அனுமதி பெற்று நாட்டைவிட்டு வெளியேறிய சம்யாத்தின் 1937இல் பாரிஸ் நகரிற் காலமானார். தாய்நாட்டில் நூல் வெளிவர 1988 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதை மறைத்ததனால் சோஷலிசம் காக்கப்பட்டதா? 1991இல் அவ்வரசு வீழ்ந்தபோது அதைக் காக்க மக்கள் திரளவில்லை. விமர்சிக்கும் உரிமை பறிக்கப்பட்ட மக்களிடம் காக்கும் உறுதியை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இனி, இரண்டாம் சாராரிடம் வருவோம். அல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட எதிர்கால நாவலில் ஆண்டுகள் கணக்கிடப்படுவது போர்ட் மோட்டார் வண்டி தோன்றிய காலத்திலிருந்தாகும். அங்கே உடலுழைப்புக்கென்றே உற்பத்தி செய்யப்பட்ட எட்டு மாதக் குழந்தைகள், அழகிய புத்தகங்களை நோக்கித் தவழ விடப்படுகின்றன. கை புத்தகத்தைத் தொட்டதும் காது செவிடுபடச் சங்கு ஒலிக்கின்றது. தரையில் மின்சாரம் பாய்கின்றது. இருநூறு தடவை இவ்வாறு செய்தால் ஆயுள் முழுவதும் அவை நூலை வெறுக்கும். உழைப்பவன் படித்தால் நேரம் வீணாகும்; படித்ததனால் அவன் சிந்திக்கவும் தொடங்கிவிடலாம் என்பதே ஆள்வோரின் நியாயம். இதைவிடத் தெளிவாக வர்க்கக் கல்வியைத் தோலுரித்துக் காட்டிய நூல்கள் சிலவே. இந்நூலைத் தடைசெய்தவை ‘சுதந்திர உலகைச்’ சேர்ந்த அயர்லாந்தும் அவுஸ்திரேலியாவும் என்பதை நண்பர்கள் மறத்தல் ஆகாது.

ரே பிராட்பரியின் ‘பரன்ஹீட் 451’ வெளிவந்தது 1953இல், அமெரிக்காவில் மக்கார்த்தியின் வேட்டை உச்சம் பெற்றிருந்த காலத்தில். வெளிநாடுகளிலிருந்த அமெரிக்க அரசாங்க நூலகங்களிலிருந்து இடதுசாரி எழுத்தாளரின் நூல்கள் அகற்றப்பட்ட ஆண்டும் அதுவே. 1967இல் பாடசாலைகளுக்கென ஒரு பதிப்பைக் கொண்டுவந்த பதிப்பகத்தார், 75 அளவான இடங்களில் அந்நாவலை மாற்றினர். வாசகருக்கு ஒரு சொல்லும் கூறவில்லை. பின்னர்ச் சில ஆண்டுகள் அக்கத்தரித்த பதிப்பே சந்தையில் தனித்து நின்றது. நூலெரிப்பைக் கண்டித்த நூலைக் கத்தரித்தது அரசாங்கமன்று. பாடசாலைச் சந்தையை இழக்க விரும்பாத வியாபாரமே. தீ வைத்தாற் புகை தெரியும். கத்தரிக்கோலுக்குப் புகையில்லை.

ஆகவே தணிக்கை என்பது ஒரு கட்சியின் குணமுமன்று, ஒரு நாட்டின் நோயுமன்று. ஆளும் கூட்டம் எதுவாயினும் அதன் கருவியே. அதற்கு இரண்டு கைகள் உண்டு என்பதை ‘1984’ நன்கு விளக்குகின்றது. கட்சிக்காரனின் வீட்டிலே அவனைக் கண்காணிக்கும் திரை இருக்கின்றது. பழைய பத்திரிகைகளைத் திருத்தி எழுதுவது அவனுடைய உத்தியோகம். பாட்டாளிகளுள் பெரும்பாலோர் வீட்டில் அத்திரை இல்லை. அவர்களுக்குப் பொறியிற் பிறந்த காதற்பாட்டும் மலிவுக் கதையும், பெரும்பரிசுகள் எவருக்கும் கிடைக்காத லொத்தர்ச் சீட்டும் வழங்கப்படுகின்றன. ஒரு கை வாயைப் பொத்துகின்றது. மறு கை வாயிற் குப்பையைத் திணிக்கின்றது. முதற்கையை மட்டும் கண்டிப்போர் பாதித் தணிக்கைக்குத் துணைபோகின்றனர்.

இவற்றை அந்நியர் கதையென்று தள்ள நமக்கும் இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாட்டில் வாழ்கின்றோம். பொருளுக்கு மாறாகப் பெயரிடும் கலையை ஓர்வெல் கற்பனை செய்தார். போர் நடத்துவது சமாதான அமைச்சு என்றார். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் பெயரில் 2007இல் இங்கு இயற்றப்பட்ட சட்டமே, 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவைச் சிறையிலிடப் பயன்பட்டது. மறு ஆண்டு, கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் தமது தமிழ்க் கவிதைத் தொகுதி காரணமாகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது 2023 டிசெம்பரில். சிங்களக் கதைக்கும் தமிழ்க் கவிதைக்கும் வேறுபாடு பாராத சமத்துவம் இவ்விடயத்தில் மட்டும் நம் நாட்டிற் காணப்படுகின்றது!

இந்நாவல்கள் குறையற்றவை என்று நாம் கூறவில்லை. இவற்றின் தலைமக்கள் பெரும்பாலும் தனித்து நிற்கும் படிப்பாளிகள். தனித்து நின்றதாலேயே தோற்கின்றனர். நம்பிக்கை பாட்டாளிகளிடமே உண்டு என்று எண்ணும் ஓர்வெல்லின் கதைநாயகன், அவர்களுள் ஒருவரோடேனும் சேர்ந்து இயங்க அறியான். மக்கள் அணிதிரளும் வழி இங்கே தீட்டப்படவில்லை. அக்குறையை எடுத்துக்காட்டுவது நமது கடன். ஆனால் குறைகாண்பவன் முதலில் நூலைப் படித்திருக்க வேண்டும். படிக்காமல் விலக்குவது விமர்சனமன்று; அதுவும் தணிக்கையே.

சம்யாத்தினின் நூற்பெயரைத் தமிழாக்கும்போது நமக்கு ஒரு தெளிவு பிறக்கின்றது. கேட்பவனையும் உள்ளடக்குவது ‘நாம்’. அவனைப் புறத்தே நிறுத்துவது ‘நாங்கள்’. மேடையிலே அதிகாரம் ‘நாம்’ என்று முழங்குகின்றது. தணிக்கை அலுவலகத்தில் ‘நாங்கள்’ என்று கையொப்பமிடுகின்றது. நமது இயக்கமும் சஞ்சிகைகளும் வகுப்பறைகளும் இவற்றுள் எந்தச் சொல்லைப் பேசப் போகின்றன? ‘நாம்’ என்று உண்மையாகவே பேச விரும்பும் ஆசிரியர், இந்நாவல்களை மாணவர் கையிற் கொடுத்து, வாதிக்க விட்டு, அவ்வாதத்திலே தாமும் ஒருவராக அமர்வாராக. பறிகொடுத்த நூல்களை மீட்கும் வழி அதுவே.